செத்த நாரை

கை உடைந்தவர்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை காலையில்தான் வருவார்கள். சனிக்கிழமை ஆட்டம். ஞாயிறு முழுக்க, ஒன்றுமில்லை, வெறும் வீக்கம்தான் என்று ஐஸ் வைத்துக்கொண்டு சர்ச்சுக்கும் போய் வந்துவிடுவார்கள். திங்கட்கிழமை காப்பிக் கோப்பையைத் தூக்க முடியாமல் போகும்போதுதான் என் நினைவு வரும்.

கின்ஸ்லர் ஊர் மருத்துவமனையில் இருபத்தாறு வருஷம் நான் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டேன். டாக்டர் அல்ல. டாக்டர் எலும்பைப் பார்ப்பவர். எலும்பு கூடும்வரை விரல்களைப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் கட்டைச் செய்து போடுவதும், பிறகு அந்த விரல்களை மறுபடியும் வேலை செய்யப் பழக்குவதும் என் பொறுப்பு. அந்தப் பிளாஸ்டிக் தகடு கல் மாதிரி இருக்கும். வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டால் பிசைந்த மாவு மாதிரி ஆகிவிடும். கையின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தால், நாம் எப்படி வைத்தோமோ அப்படியே இறுகிவிடும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எப்போதும் பிடிக்கும். என் கைக்குள் இன்னொருவர் கை, ஒன்றும் பேசாமல், நான் சொல்கிறபடி இருக்கும்.

நீங்கள் கிழக்கே, படகுப் போட்டி நடத்துகிற கல்லூரியில் படித்தவர் என்று வரவேற்பறைப் பெண் சொன்னாள். எங்கள் ஃபுட்பால் உங்களுக்குப் பழக்கமிருக்காது, அதனால் கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறேன். உங்கள் மருத்துவ வாரியம் இதை வாக்குமூலம் என்று குறித்துக்கொள்ளட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கள் ஊருக்கு வடக்கே இருபது மைலில் ஓரின் ஸ்டேட் பல்கலைக்கழகம். தெற்கே இருபது மைலில் பிராண்டல் பல்கலைக்கழகம். ஓரின் அணிக்கு நாரை, நீல நிறம். பிராண்டலுக்குக் கலைமான், ஊதா நிறம். தொண்ணூற்றெட்டு வருஷமாக ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டு அணிகளும் ஃபுட்பால் ஆடின, பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிற எங்கள் ஊர் ஃபுட்பால். நாரைக்கு ஒரு கை அடையாளம் உண்டு. சுட்டுவிரலும் நடுவிரலும் ஒட்டி நீண்டால் மேல் அலகு. கட்டைவிரல் கீழ் அலகு. மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்க வேண்டும். கையை உயரத் தூக்கினால் நாரை. கலைமான் சுலபம். இரண்டு கைகளையும் நெற்றிப் பொட்டில் வைத்துப் பத்து விரல்களையும் விரித்தால் கொம்பு.

எதிராளியை மட்டம் தட்டவும் அடையாளங்கள் உண்டு. கொம்பு விரல்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டால், கொம்பு உதிர்ந்த மான். நாரையைத் தூக்கிப் பிடித்து, மணிக்கட்டைச் சட்டென்று மடக்கி அலகைத் தரையைப் பார்க்க வைத்தால், செத்த நாரை. மைதானத்தில் ஆட்டக்காரன் யாராவது செத்த நாரை காட்டினால் நடுவர் மஞ்சள் துணியை வீசிப் பதினைந்து கெஜம் பின்னால் அனுப்பிவிடுவார். பார்வையாளர்களை யாராலும் பின்னால் அனுப்ப முடியாது. அதனால் அவர்கள் நாள் முழுக்கக் காட்டுவார்கள்.

நான் நாரை. என் கணவர் டெல்பர்ட் கலைமான்.

எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. சில வீடுகளில் இப்படி உண்டு. வாசலில் பாதி நீலமும் பாதி ஊதாவுமாக ஒரு கொடி. அதில் 'இரண்டுபட்ட வீடு' என்று தைத்திருக்கும். எங்கள் காரின் பின்பக்கத்திலும் அப்படி ஒரு தகடு. மைதானத்தில் நீலக் கூட்டமும் ஊதாக் கூட்டமும் சந்திக்கிற கோட்டில் எங்களுக்கு இரண்டு இருக்கைகள். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம். அவர் அந்தப் பக்கம்.

டெல்பர்ட் மாவட்டச் சாலைகளைச் சமன் செய்கிற இயந்திரத்தை ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள் காலையில்கூட, வெண்ணெய் வேண்டுமென்றால் வாயால் கேட்டதில்லை. வெண்ணெய்க் கிண்ணத்துக்கு மேலே கையை நீட்டி, அலகைத் தொங்கப் போட்டுச் செத்த நாரை காட்டுவார். நான் கிண்ணத்தை நகர்த்திவிட்டு நெற்றியில் விரல்களை உதிர்த்துக் காட்டுவேன். சர்ச்சில் போதகர் ஆசி கூறக் கை தூக்கும்போது, பெஞ்சின் கீழே என் முழங்காலுக்கு அருகில் ஒரு செத்த நாரை தொங்கும். என் அப்பாவை அடக்கம் செய்த அன்று நான் குழிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அழுகை வரவில்லை. டெல்பர்ட் எதிர்ப்பக்கம், கறுப்புக் கோட்டுக்கு அருகில், தொடையோரமாக, யாருக்கும் தெரியாமல் மணிக்கட்டை மடக்கினார். என் அப்பா நாற்பது வருஷம் ஓரின் அணிக்குப் பாப்கார்ன் விற்றவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புக்குப் பின்னால்தான் அழுகையும் வந்தது. அதற்காக அவருக்கு நான் நன்றி சொன்னதில்லை. அடுத்த நாள் காலையில் அவருடைய காப்பியில் உப்பைப் போட்டேன். அவருக்குப் புரிந்தது.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. எங்கள் வீட்டில் பேச்சு என்று இருந்தது இதுதான். இதை நீங்கள் எழுதிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

பிறகு ஒரு ஜூலை மாதம், காலை உணவின்போது ரேடியோவில் செய்தி வந்தது. அதற்குமுன் இரண்டு அணிகளும் 'சமவெளி எட்டு' என்ற கூட்டமைப்பில் இருந்தன. எட்டு என்று பெயர். பதினோரு அணிகள் உண்டு. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. இப்போது பிராண்டல் அதை விட்டு விலகிக் 'கடற்கரைக் கூட்டமைப்பு' என்ற பணக்காரக் கூட்டத்தில் சேரப் போகிறதாம். தொலைக்காட்சிக்காரர்கள் கொட்டிக் கொடுக்கிறார்களாம். பிராண்டலிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு நாள் கார் ஓட்ட வேண்டும்.

"லோர்னா, கேட்டியா? நாங்க கடற்கரைக்குப் போறோம்" என்றார் டெல்பர்ட்.

"யாரு நாங்க? நீ நீச்சலே தெரியாதவன்."

"பிராண்டல். இனிமே பெரிய பசங்களோடதான் ஆட்டம்."

"அப்போ நவம்பர்ல எங்களோட?"

"இந்த வருஷத்தோட சரியாம். அட்டவணைல இடமில்லையாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்கும் நல்லதுதான். வருஷா வருஷம் அடி வாங்க வேண்டாம் பாரு" என்றார்.

இது எனக்குத் தெம்பாக இருந்தது. அடுத்தது கை நீளும் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து சாய்ந்து வெண்ணெய்க் கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "தேங்க்ஸ்" என்றார்.

கல்யாணமாகி அவர் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த நவம்பரில் கடைசி ஆட்டத்தில் ஓரின் ஜெயித்தது. கடைசி நொடியில் எங்கள் பையன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. நான் டெல்பர்ட்டின் மூக்குக்கு நேராக நின்று, பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் உதிர்த்துக் காட்டினேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"நல்லா ஆடினாங்க உங்க பசங்க."

"உனக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன். வா, கூட்டம் வர்றதுக்குள்ள வண்டிய எடுத்துரலாம்."

நான் சும்மா இருந்துவிடவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தபால் பெட்டிக்கு நீலச் சாயம் அடித்தேன். "நல்லாருக்கே" என்றார். அவருடைய வேலைச் சட்டையின் உட்புறம் ஒரு நாரையைத் தைத்து வைத்தேன். அதைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் நட்சத்திரத்துக்குப் பதில் நாரை வைத்தேன். "உயரம் சரியா இருக்கு" என்றார். நல்லவராகிவிட்ட கணவரோடு எப்படி வாழ்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த வருஷம் செப்டம்பரில் பிராண்டல் கடற்கரையில் ஆடப் போனது. சனிக்கிழமை மதியம் டெல்பர்ட் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் அடுக்களையில் செர்ரி பை என்ற பழப் பலகாரம் செய்துகொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தபோது அவர் உள்ளங்கையைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டு மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அது? கழுத்துல கட்டியா?"

"இல்ல லோர்னா. எதிராளிங்க பெலிக்கன். அதுக்குத் தாடையில பை இருக்குல்ல. இது வெறும் பை. மீன் இல்லாத பை. வேலையில பசங்க சொல்லிக் குடுத்தாங்க" என்று இன்னொரு தடவை ஆட்டிக் காட்டினார். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது. அது எனக்கானது அல்ல. தொலைக்காட்சிப் பெட்டிக்கு.

நான் பலகாரத்தை அடுப்பில் வைத்தேன். சர்க்கரை போட மறந்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

கடைசிப் பகுதியில் பெலிக்கன் அணி ஜெயித்துவிட்டது. நான் திரும்புவதற்குள் ஒரு சத்தம். டெல்பர்ட் அடுக்களைக்குள் வந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வலது கையால் குத்தியிருந்தார். கதவு நெளிந்துவிட்டது. சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிற எலும்பும் அதற்கு அடுத்ததும் உடைந்துவிட்டன என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. கோபத்தில் குத்துகிறவர்களுக்கு எப்போதும் அந்த இடத்தில்தான் உடையும்.

முப்பத்தோரு வருஷத்தில் ஓரின் அவர்களைப் பதினான்கு தடவை தோற்கடித்திருக்கிறது. ஒரு தடவைகூட அவர் எங்களுக்காகக் கையை உடைத்துக்கொண்டதில்லை. என் கணவர் இன்னொரு பறவைக்காக உடைத்துக்கொண்டார்.

நான் கோபப்படவில்லை. கோபத்தில் எதையும் செய்யும் பழக்கம் எனக்கில்லை.

திங்கட்கிழமை அவரை மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போனேன். வாரத்தில் ஒரு நாள் வருகிற எலும்பு டாக்டர் படம் பார்த்துவிட்டு, அறுவை வேண்டாம், கட்டுப் போட்டால் போதும் என்றார். என் அறையில் டெல்பர்ட் கையை நீட்டினார்.

"நீ போட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றார்.

வெந்நீர்த் தட்டில் தகடு மெத்தென்று ஆகிக்கொண்டிருந்தது. இந்த உடைசலுக்கு எப்படிக் கட்டுவது என்று என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, அடி மூட்டை மட்டும் மடக்கி, அதற்கு மேலே இருக்கிற இரண்டு மூட்டுகளையும் நேராக வைக்க வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் எடுத்துவிட்டு விரல்களை அசைக்கப் பழக்க வேண்டும். மேல் மூட்டுகளை மடக்கி வைத்து நாள்கணக்காக விட்டுவிட்டால் உள்ளே தசைநார்கள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த விரல்கள் நேராகவே மாட்டா. மற்ற மூன்று விரல்களுக்கும் ஒன்றும் ஆகாது.

அவருடைய கையை என் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டேன். தகடு சூடாக இருந்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கைக்குள் மடங்கின. நான் அழுத்திப் பிடித்தேன். ஒரு நிமிஷம்தான். அந்த நிமிஷத்தில் நாங்கள் முன்பு இருந்த மாதிரியே இருந்தோம்.

"ரொம்ப மடக்கின மாதிரி இருக்கே" என்றார்.

"எலும்பு உனக்குக் கூடணுமா, எனக்குக் கூடணுமா?"

"சரி சரி."

"ஒன்பது வாரம் கழட்டக் கூடாது. விரல அசைக்கவே கூடாது."

"நீ சொன்னா சரி."

டாக்டர் இரண்டு தடவை படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு அழகாகக் கூடியிருக்கிறது என்று என்னைப் பாராட்டினார். அவர் பார்த்தது எலும்பை மட்டும்.

கட்டைக் கழற்றிய சனிக்கிழமை டெல்பர்ட் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து கொம்பு வைத்தார். இடது பக்கம் ஐந்து விரல்களும் விரிந்தன. வலது பக்கம் நெற்றியிலிருந்து ஒரு நாரை எட்டிப் பார்த்தது. நான் அடுக்களைத் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"லோர்னா, இது நேராவே மாட்டேங்குது."

"பயிற்சி ஒழுங்கா செய்யணும் டெல்பர்ட்."

"அசைக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"அது ஒன்பது வாரம் வரைக்கும். சிலருக்கு உடம்பு வாகு அப்படி. இறுகிப் போயிடும்."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று முழுக்க, கடலோரக்காரர்கள் யாருக்கும் அவர் ஒரு சைகையும் காட்டவில்லை. வெகு நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு நாரை இருந்தது. அது யாரிடமும் ஓடிப்போகாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. நானும் நிறுத்தத்தான் இருந்தேன். ஆனால் பிராண்டல் கடற்கரையில் தோற்றுக்கொண்டே இருந்தது. அதுவரை வருஷத்துக்கு ஏழு எட்டு ஆட்டம் ஜெயித்தவர்கள், அங்கே போய் முதல் வருஷம் இரண்டு ஜெயித்தார்கள். இரண்டாவது வருஷம் ஒன்று. திங்கட்கிழமைதோறும் ஊதாத் தொப்பி போட்டவர்கள் என் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் குத்தியவர்கள், டிரக் கதவில் குத்தியவர்கள், இறைச்சி சுடும் அடுப்பின் இரும்பு மூடியில் குத்தியவர்கள்.

நான் நியாயம் பார்க்காமல் எதுவும் செய்யவில்லை. கட்டுப் போடும்முன் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பேன். "யார்கிட்ட தோத்து உடைச்சுக்கிட்டீங்க?"

"பெலிக்கன்" என்பார்கள். இல்லையென்றால் சுறா, இல்லையென்றால் மாலுமி. எங்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது. தொண்ணூற்றெட்டு வருஷத்தை ஒரு கோடையில் மறந்தவர்களுக்கு ஒரு ஞாபகக் குறிப்பு வேண்டியிருந்தது. அதைக் கையிலேயே எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் கோப்பில் இர்வின் க்ளாப் என்று ஒருவர் இருப்பார், பாருங்கள். அவரும் ஊதாதான். ஆனால் அவர் கையை உடைத்துக்கொண்டது பெட்ரோல் நிலையத்தில், ஓரின் ரசிகர் ஒருவரின் டிரக்கைக் குத்தி. டிரக்கின் ஹாரன் நாரை மாதிரிக் கத்தியதாம். "இன்னும் உங்களக் கண்டா எனக்கு ஆகவே ஆகாது லோர்னா" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவருக்கு நான் மூன்றரை வாரத்தில் கட்டை எடுத்து, தினம் வரச் சொல்லிப் பயிற்சி கொடுத்தேன். இன்று அவர் நினைத்தால் பியானோகூடப் பழகலாம். நான் யாரையும் வெறுத்துச் செய்யவில்லை என்பதற்கு அவர் கை சாட்சி.

மற்றவர்களுக்குச் சில அசௌகரியங்கள் இருந்தன. மறைக்க ஒன்றுமில்லை. ட்ரூடி என்ற பெண் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். பிறர் வாய்க்குள் அந்தக் கையை விட முடியவில்லை என்று வேலையை விட்டாள். இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் கத்தியை இடது கைக்கு மாற்றப் போய் இடது கையில் ஆறு தையல் போட்டுக்கொண்டார். ஒரு தாய்க்கு மகளின் தலைமுடியைப் பின்ன முடியவில்லை. அவளுக்கு நானே ஒரு டஜன் கிளிப் வாங்கிக் கொடுத்தேன். நீலம்தான் கடையில் இருந்தது.

கோர்டி ஷாங்க் என்பவருடைய விஷயம் எனக்குச் சிறிது சங்கடம். பிராண்டல் மைதானத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே இருக்கை அவருக்கு. எல்லோரும் கொம்பு வைத்தபோது அவரும் வைத்தார். பின்வரிசைக்காரன் பார்த்துவிட்டான்.

"எங்க நடுவுல உக்காந்துக்கிட்டு நாரை காட்றியா?"

"என் கையே அப்படித்தாம்பா."

"ஆமா, என் கையும் இப்படித்தான்" என்று தலையில் பீரைக் கொட்டியிருக்கிறான். கோர்டி அதைத் தடுக்க மறுபடி கையைத் தூக்கினார். அதுதான் தவறாகிவிட்டது. காவலர்கள் வந்து இரண்டு பக்கமும் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். போகமாட்டேன் என்று அவர் கை ஆட்ட ஆட்ட, மைதானம் முழுக்கக் கூச்சல் போட்டது. மறுவாரம் என்னிடம் வந்து அழுதார். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

டெல்பர்ட் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது அவருடைய புகாரிலேயே இருக்கிறது. எங்கள் ஊர் மேவிஸ் காப்பிக் கடையில் காலைக் காப்பி. ஒரே மேஜையில் டெல்பர்ட்டையும் சேர்த்து நான்கு பேர். நான்கு பேரும் கோப்பையை ஒரே மாதிரி, இரண்டு விரல் மடக்கிப் பிடித்திருந்தார்கள்.

"உனக்கு யாரு கட்டினது?"

"லோர்னாதான். உனக்கு?"

நாலாவது ஆள் டெல்பர்ட்டைப் பார்த்துவிட்டு, "உன் பொண்டாட்டிதாண்டா" என்றாராம்.

அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த வாரத்திலிருந்து மாலை நேரங்களில் வெளியே போக ஆரம்பித்தார். மாவட்டம் முழுக்க ஒவ்வொருவராகத் தேடிப் போயிருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பெலிக்கனைக் கேலி செய்கிற கூட்டம் ஏதோ ஒன்றில் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது செப்டம்பரில் கடற்கரையில் பெரும் புயல். பிராண்டலுக்கு வர வேண்டிய அணி கிளம்ப முடியவில்லை. தேதி காலியாகக் கிடந்தது. பத்து நாள் அவகாசத்தில் யார் கிடைப்பார்கள்? ஓரினைக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு ஆட்டம். அவர்கள் மைதானத்தில்.

ஆட்டத்தன்று காலை நான் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். காலரை மூன்று தடவை தேய்த்தேன். இருபது வயதுப் பெண் மாதிரி இருந்தது.

"நீ வர்றதானே?" என்று டெல்பர்ட் கேட்டார்.

"வராம? கோட்டுகிட்ட உக்காரலாம், பழையபடி."

"இல்ல. நான் பசங்களோட உக்காருறேன். நீ உங்க ஆளுங்க பக்கம் முன்னாடி உக்காரு. நல்லாத் தெரியும்."

முன்வரிசையில் உட்கார்ந்தேன். எங்கள் அணியின் பெஞ்சுக்கு நேர் பின்னால். எதிரே மைதானம் முழுக்க ஊதா. முதல் பந்தை உதைப்பதற்கு முன்னால் எப்போதும்போல் அறுபதாயிரம் பேர் எழுந்து கொம்பு வைத்தார்கள். எதிர்ப்பக்கம் கீழ் வரிசையில் ஒரு கூட்டம் மட்டும் உட்கார்ந்தே இருந்தது. மற்றவர்கள் கையை இறக்கியதும் அவர்கள் எழுந்தார்கள். ஊதாச் சட்டை, ஊதாத் தொப்பி. கோர்டி இருந்தார். ட்ரூடி இருந்தாள். அந்தத் தாயும் மகளோடு வந்திருந்தாள். நடுவில் டெல்பர்ட். எல்லோரும் ஒரே சமயத்தில் கையை உயர்த்தினார்கள்.

முப்பத்தேழு நாரைகள்.

நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஆரோக்கியமான கையில் நாரை அவ்வளவு சரியாக வராது. மோதிர விரல் எப்போதும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இவை ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. என்னைச் சுற்றியிருந்த நீலக்காரர்கள் குழம்பிப்போய்க் கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவர், "ஊதாவுல நம்ம ஆளுங்களா? எப்பருந்து?" என்று கேட்டார். நான் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன்.

பிறகு டெல்பர்ட் தலையை அசைத்தார். முப்பத்தேழு மணிக்கட்டுகளும் ஒரே நொடியில் மடங்கின. முப்பத்தேழு அலகுகள் தரையைப் பார்த்தன.

மைதானம் அதிர்ந்தது. அவ்வளவு நேர்த்தியான செத்த நாரையை அந்த மைதானம் கண்டதில்லை. அவர்கள் கையை இறக்கவில்லை. முதல் பகுதி முழுக்க அப்படியே வைத்திருந்தார்கள். எங்கள் பையன்கள் மூன்று தடவை பந்தைத் தவறவிட்டார்கள்.

திங்கட்கிழமை முப்பத்தேழு புகார்களும் ஒன்றாக வந்தன. டெல்பர்ட் அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நகரத்து டாக்டர் ஒருவர் அறுவை செய்தால் பாதிப் பேருக்குப் பாதி நிமிரலாம் என்கிறாராம். அந்தச் செலவைக் கேட்டு வாங்க எல்லோருக்கும் இந்த வாக்குமூலம் தேவைப்படும் என்று சொன்னீர்கள். சரி. முப்பத்தேழு கைகளையும் நான் தெரிந்தே, தெளிவாக யோசித்தே அப்படிக் கட்டினேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. டாக்டர் நல்லவர், கவனக்குறைவானவர், அவ்வளவுதான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு திருத்தம். டெல்பர்ட்டுக்கு என் மேல் வெறுப்பு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அன்று மற்ற முப்பத்தாறு பேரும் எங்கள் அணியின் பெஞ்சைப் பார்த்துத்தான் காட்டினார்கள். அவர் மட்டும் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக் காட்டினார். மூன்று வருஷத்துக்குப் பிறகு, அத்தனை பேர் நடுவில், எனக்கு மட்டும். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. விரல்களை நான் மடக்கினேன். மணிக்கட்டை அவரேதான் திருப்பினார்.